அறுபதாயிரத்தை எதில் போடுவது? வீட்டில் மிக்ஸ் செய்து ரெஸ்டோ பாரில் ஓட்டுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

புதுச்சேரியில் டான்ஸ் டிராக் செய்யும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அண்ணா, கையில அறுபதாயிரம் இருக்கு. எட்டு இஞ்ச் மானிட்டர் வாங்கட்டுமா, இல்ல அஞ்சு இஞ்சோட ஒரு சப் சேர்த்துக்கட்டுமா?” மானிட்டர் என்றால் மிக்ஸ் செய்யும்போது கேட்கும் ஸ்டூடியோ ஸ்பீக்கர், சப் என்றால் அடி பேஸ் மட்டும் கொடுக்கும் பெட்டி. இரண்டும் வேண்டாம் என்பது என் பதில். கேட்டதும் முகம் சுருங்கிவிடும். பெரிய ஸ்பீக்கர் வாங்குவதில் ஒரு குஷி இருக்கிறது, மேசையில் வைத்துப் படம் எடுத்துப் போடலாம். சத்தத்தைக் குடிக்கும் ராக்வூல் பலகையைப் படம் எடுத்துப் போட்டால் யார் லைக் போடப்போகிறார்கள்?

ஆனால் நமக்கு வேண்டியது என்ன? முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ ஒரு படுக்கையறையில் செய்த டிராக், சனிக்கிழமை ராத்திரி ரெஸ்டோ பாரில் ஓடும்போது முன்னும் பின்னும் ஓடுகிற டிராக்குகளுக்கு நடுவே தொங்கிப்போகாமல் நிற்க வேண்டும். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறதா, யூடியூபில் எப்படி ஒலிக்கிறது என்பதெல்லாம் வேறு கணக்கு. இங்கே அந்த ஒரு தேவையை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடை போடுகிறேன். ஆடியோ இன்டர்ஃபேஸும் கம்ப்யூட்டரும் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் டிஜே ஓடும் இடங்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு டாப் (நடு, உச்ச ஒலிக்கான பெட்டி), கீழே 18 இஞ்ச் சப் ஒன்றோ இரண்டோ. மேல் ஒலியை டாப்புக்கும் அடி ஒலியை சப்புக்கும் பிரிக்கும் கிராஸ்ஓவர் 80இலிருந்து 120 ஹெர்ட்ஸுக்குள் எங்கேயாவது வெட்டியிருக்கும். சப்பை டாப்புக்குச் சமமாக யாரும் வைப்பதில்லை. 10 டெசிபலாவது தூக்கித்தான் வைப்பார்கள், ஆட வந்தவர்களுக்கு அதுதான் வேண்டும். ஆகவே வீட்டில் “கிக் பத்தல” என்று, அதாவது பேஸ் டிரம் அடி போதவில்லை என்று, 50 ஹெர்ட்ஸை நீங்கள் 5 டெசிபல் ஏற்றினால், ஏற்கெனவே ஏறி நிற்பதன் தோளில் அது ஏறி உட்காரும். தரை டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி, மேலே தாழ்ந்த கான்கிரீட் கூரை என்று அறை வேறு தன் பங்குக்கு முழங்கும். பல இடங்களில் சிஸ்டமே மோனோ, இடமும் வலமும் ஒன்றாகக் கலந்துதான் வரும். ஸ்டீரியோவாக இருந்தாலும் சப் மட்டும் மோனோதான். இடது டாப்புக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வலது டாப்பில் நீங்கள் வைத்த சிலுசிலுப்பு கேட்கவே கேட்காது.

இன்னொன்று நம் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது காது பேஸை மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. சத்தம் ஏற ஏற பேஸ் மற்றவற்றுக்குச் சமமாக நெருங்கி வரும். 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெச்சரும் மன்சனும் அளந்து வரைந்து காட்டிய விஷயம் இது. அம்மா எழுந்துவிடுவார் என்று ராத்திரி 60 டெசிபலில் உட்கார்ந்து மிக்ஸ் செய்தால் பேஸ் ஒல்லியாகத்தான் தெரியும், கை தானாக அதை ஏற்றும். 100 டெசிபலில் ஓடும் இடத்தில் அதே மிக்ஸ் வீங்கிப்போய்க் கிடக்கும். உச்சத்திலும் ஒரு சிக்கல் உண்டு. காது மிகக் கூர்மையாக இருப்பது 3,000–4,000 ஹெர்ட்ஸ் பக்கம். டாப்பில் உச்ச ஒலிக்கான ஹார்ன் (புனல்) நேராகக் கத்தும் இடமும் அதுதான்.

ஆக, நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றுதான்: 30இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை உண்மையில் என்ன நடக்கிறது என்ற தகவல். இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எட்டு இஞ்ச் மானிட்டர்

காகிதத்தில் பார்த்தால் எட்டு இஞ்ச்தான் ஜெயிக்கும். யமஹாவின் ஐந்து இஞ்ச் எச்எஸ்5, சத்தம் 10 டெசிபல் குறையும் இடம்வரை என்ற கணக்கில், 54 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். எட்டு இஞ்ச் எச்எஸ்8 அதே கணக்கில் 38 வரை. கிக்கின் அடி ஸ்வரம் 50க்கும் 60க்கும் இடையில் இருப்பதும், பேஸ்லைன் சில நேரம் 41 வரை இறங்குவதும் உண்மை என்பதால், “எட்டு இஞ்ச் இல்லாமல் எப்படி?” என்ற கேள்வி நியாயமானதே.

சிக்கல் ஸ்பீக்கரில் இல்லை, அறையில். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரக் கூரை, செங்கல் சுவர், மேலே கான்கிரீட். நம் ஊர் வாடகை வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்கு 349 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி தன்னைத்தானே சந்தித்து நின்றுபோகும் முதல் அதிர்வெண், அந்த வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். பன்னிரண்டு அடி என்றால் 3.66 மீட்டர், கணக்குப் போட்டால் ஏறக்குறைய 48 ஹெர்ட்ஸ். பத்தடிக்கு 57. அகலமும் உயரமும் இரண்டுமே பத்தடி என்பதால் 57 இரண்டு தடவை வருகிறது. கிக்கும் பேஸும் குடியிருக்கும் தெருவிலேயே இந்த மூன்று கிராதகர்களும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதை ஒரு பைசா செலவில்லாமல் பார்க்கலாம். சாஃப்ட்வேரில் ஒரு சைன் டோனை 48 ஹெர்ட்ஸில் விட்டுவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். நீளவாக்கில் சரியாக நடுவில், அதாவது பலரும் நாற்காலி போடும் இடத்தில், ஒலி காணாமல் போகும். கட்டிலில் பின்சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்தால் காதை அடைக்கும். ஸ்டீல் பீரோ இருந்தால் எங்கேயோ ஒரு எண்ணில் அதன் கதவு கடகடவென்று ஆடும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். ‘ஜி’ ஸ்வரத்தில் 49 ஹெர்ட்ஸ் பேஸ்லைன் வைத்திருப்பவர் அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்து மிக்ஸ் செய்தால் என்ன ஆகும்? அவருக்கு பேஸ் கேட்காது. ஏற்றுவார். இன்னும் ஏற்றுவார். எச்எஸ்8 பாவம் கொடுத்துக்கொண்டே இருக்கும், அறை விழுங்கிக்கொண்டே இருக்கும். ரெஸ்டோ பாரில் அந்த அறை இல்லை, ஏற்றியது மட்டும் அப்படியே போய் இறங்கும்.

எட்டு இஞ்ச் வாங்கினால் இந்த அறையை இன்னும் பலமாகத் தட்டி எழுப்புகிறீர்கள், அவ்வளவுதான். அதனால் வேண்டாம்.

சப் சேர்ப்பது

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. மேலே சொன்ன அத்தனையும் இரட்டிப்பாகும். போதாததற்கு, பொதுச் சுவர் வீடுகளில் 40 ஹெர்ட்ஸ் சுவர் வழியாகவே அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கதவைச் சாத்துவதால் அது நிற்காது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்த வரம்பு பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை 45. ரெஸ்டோ பார் சத்தத்தைப் பற்றி ஏற்கெனவே தெருவுக்குத் தெரு புகார் இருக்கும் ஊரில், நம் வீட்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். சப்புக்கும் மானிட்டருக்கும் ஃபேஸ் பொருத்தி, அதாவது இரண்டின் அலையும் ஒன்றாக ஏறி இறங்கும்படி, வைப்பது தனி வித்தை. அளக்கும் மைக் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. அளக்கும் மைக் வாங்கியவருக்கு சப் வாங்கும் ஆசை பெரும்பாலும் தானாகவே போய்விடுகிறது.

ஐந்து இஞ்ச், சப் இல்லாமல்

இதற்கு என் ஓட்டு உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் இதையே நம்பக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஐந்து இஞ்ச் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேய்ந்துவிடுகிறது. அறையின் அந்த முதல் கிராதகனை அது அவ்வளவாக எழுப்புவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடும் ஸ்பீக்கர் நல்லது. மிட் பகுதிக்கு, குரலுக்கு, ரிவர்ப் (எதிரொலி) அளவுக்கு, இடம் வலம் பரப்புவதற்கு ஸ்பீக்கரில் கேட்டால்தான் சரியாக வரும். அதிலும் தப்பு மேளம், பறை லூப் போட்டு ஹவுஸ் வகை டான்ஸ் டிராக் செய்பவர்கள் கட்டாயம் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். குச்சி தோலில் விழும் அந்த வெடிப்பு ஹெட்போனில் சுகமாக இருக்கும், ஹார்னில் பல்லைக் கூசவைக்கும். 2,000க்கும் 5,000க்கும் நடுவே எவ்வளவு இறக்க வேண்டும் என்று ஸ்பீக்கர்தான் சொல்லும்.

வைக்கும் இடம் முக்கியம். நீளவாட்டில், குட்டைச் சுவரைப் பார்த்து. ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் முன் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 87 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளத்தைத் தோண்டும். சுவரை ஒட்டி ஒரு சாண் இடைவெளியில் வைத்தால் அந்தப் பள்ளம் மேலே ஏறிவிடும், அங்கே மெத்தையோ ராக்வூலோ வேலை செய்யும். ஸ்பீக்கர் முதுகில் இருக்கும் சுவருக்கான ஸ்விட்ச்சில் பேஸைக் குறைத்துக்கொள்ள மறக்காதீர்கள். நாற்காலியை நடுவிலிருந்து முன்னுக்கு இழுங்கள். முன் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் என்பது பழைய கணக்கு, பன்னிரண்டு அடிக்கு நாலரை அடி வரும். ஆரம்பிக்க நல்ல இடம்.

அறையைத் திருத்துவது

கடையில் விற்கும் இரண்டு இஞ்ச் பள்ளம் மேடு ஃபோம் உச்ச ஒலியை மட்டும் குடிக்கும். முட்டை அட்டை அதையும் உருப்படியாகச் செய்யாது. 57 ஹெர்ட்ஸ் அலை ஆறு மீட்டர் நீளம். இரண்டு இஞ்ச் அதைத் தொடக்கூடவில்லை. ஃபோம் ஒட்டிய அறை என்ன ஆகும் என்றால், உச்சம் செத்துப்போய் பேஸ் மட்டும் அப்படியே உருண்டுகொண்டிருக்கும். முன்பைவிட மோசம்.

வேலைக்கு ஆவது தடிமன்தான். தொழிற்சாலைகளுக்கு இன்சுலேஷனாகப் போகும் ராக்வூல் பலகைகள் கிடைக்கின்றன. கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தியில் இரண்டு இஞ்ச் பலகைகளை மூன்று, நான்காக அடுக்கி, துணி போர்த்தி, மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை நிறுத்தினால் பேஸின் வால் கொஞ்சம் அடங்கும். வெட்டும்போது முகமூடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள், ராத்திரி முழுக்க அரிக்கும். பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்துவதும் ஓரளவு உதவும்.

வேடிக்கை என்னவென்றால், மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையில் பாதி கிடையாது. ஓலை வழியாக பேஸ் வெளியே போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. அளந்து பார்த்தால் பல கான்கிரீட் அறைகளைவிட அங்கே கீழ்ப்பகுதி தட்டையாக இருக்கும். வெளியே போனது எங்கே போகிறது என்று பக்கத்து மாடிக்காரர் சொல்வார். ஐப்பசி மழையில் கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்பதும் உங்கள் பாடு.

அளக்கும் மைக் ஒன்று வாங்கிவிடுங்கள். பெரிஞ்சரின் ஈசிஎம்8000 போன்றவை விலை மலிவு, இன்டர்ஃபேஸில் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பாண்டம் இருந்தால் போதும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். ஒரு மாலை நேரம் செலவழித்தால் உங்கள் அறை எந்த எண்ணில் பொய் சொல்கிறது என்ற பட்டியல் கையில் இருக்கும். அறையை முழுதாகத் திருத்த முடியாவிட்டாலும், பொய் எங்கே என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஹெட்போன்

அறுபதாயிரத்தில் முதல் செலவு இதற்குத்தான் போக வேண்டும் என்பேன். ஹெட்போனுக்கு அறை கிடையாது. 48 ஹெர்ட்ஸ் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் வேண்டிய அளவு வைத்துக் கேட்கலாம், ஃப்ளெச்சர், மன்சன் தொல்லை பாதி தீர்ந்தது. லாஸ்பேட்டை வீட்டில் கேட்டதும் மாமியார் வீட்டில் கேட்பதும் ஒன்றுதான்.

எந்த ஹெட்போன் என்பதில்தான் பேச்சு நீளும். மூடிய வகையில் ஆடியோ டெக்னிகாவின் எம்50எக்ஸ், பேயர்டைனமிக்கின் டிடி 770 புரோ இரண்டும் நம் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. சப் வரை நன்றாக இறங்கும். ஆனால் எம்50எக்ஸ் பேஸை ஒரு பிடி கூடுதலாகவே காட்டும், டிடி 770 உச்சத்தில் கூர்மை காட்டும். அதை நம்பி சிலுசிலுக்கும் ஹை-ஹாட் சிம்பலைக் குறைத்தால் டிராக் மங்கிவிடும். திறந்த வகையில் சென்ஹைசரின் எச்டி 600 மிட் பகுதிக்கு இன்றும் அளவுகோல். ஆனால் 40 ஹெர்ட்ஸ் பக்கம் தேய்ந்துபோகிறது. டான்ஸ் மியூசிக்குக்கு அது ஒன்றே போதாது. காந்தங்களுக்கு நடுவே மெல்லிய தட்டைச் சவ்வு அதிரும் பிளானர் வகை, உதாரணமாக ஹைஃபைமேன் தயாரிப்புகள், கீழ்வரை தட்டையாக இறங்கும். என்னிடம் கேட்டால், ஒரே ஒரு ஹெட்போன்தான் என்பவர் பிளானர் எடுக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: திறந்த ஹெட்போன் போட்டுக்கொண்டால் சீலிங் ஃபேன் சத்தம் உள்ளே வரும். நம் ஊர் மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார முடியாது, மூடிய ஹெட்போனில் காது வேர்த்துக் கொட்டும். இரண்டில் எந்த அவஸ்தை பரவாயில்லை என்று நீங்களே தீர்மானியுங்கள்.

ஹெட்போன் சொல்லாதது இரண்டு. ஒன்று, நெஞ்சில் விழும் அடி. கிக் எவ்வளவு கனம் என்று காது மட்டும் சொல்வது பாதிக் கதைதான். இரண்டு, அகலம். இடது காதுக்கு இடது மட்டும், வலதுக்கு வலது மட்டும் போவதால் எல்லாமே பரந்து விரிந்து கேட்கும். ரிவர்ப்பைக் குறைவாகப் போடுவீர்கள், பேஸை ஸ்டீரியோவாக விரித்து “ஆகா” என்பீர்கள். மோனோவில் அந்த விரித்த பேஸின் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஆகவே மாஸ்டர் சேனலில் ஒரு மோனோ பொத்தான் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஏபிள்டன் லைவ் மென்பொருள் வைத்திருந்தால் யுடிலிட்டியில் ‘பேஸ் மோனோ’ என்று ஒரு பொத்தானே இருக்கிறது. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் நடுவில் சேர்த்துவிடுங்கள்.

சவுண்ட் சர்வீஸ் கிடங்கு

இந்த வழியை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பாக்ஸ் கட்டும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கடலூர், புதுச்சேரி இரண்டு ஊரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் கிடங்கில் டபுள் 18 சப்பும் டாப்பும் ஆம்ப்பும் சும்மா கிடக்கிற நாட்கள் உண்டு. ரெஸ்டோ பாரில் நிற்பதும் ஏறக்குறைய அதே ஜாதிப் பெட்டிதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜோடியை இறக்கி ஓட்டிக் காட்டச் சொல்லி ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பெட்ரோல் காசுக்கே செய்பவர்களும் உண்டு.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கிடங்கில் இப்படி ஒரு தம்பியின் டிராக் ஓடியது. ஷட்டர் பாதி இறக்கியிருந்தது, ஒவ்வொரு கிக்குக்கும் அது தனியாக ஒரு தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அரை நிமிடம் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: “தம்பி, உன் கிக்கு அடிக்கல. ஊதுது.” பிறகு சப் போகும் ஆம்ப்பைச் சுத்தமாக இறக்கிவிட்டு, டாப் மட்டும் ஓடவிட்டார். கிக் அடியோடு காணவில்லை. தப்பும் ஹை-ஹாட்டும் மட்டும் ஏதோ ரேடியோவில் போவதுபோல் போய்க்கொண்டிருந்தன. அடுத்து டாப்பை இறக்கிவிட்டு சப் மட்டும். கிக்குக்கும் பேஸ்லைனுக்கும் நடுவே இடைவெளியே இல்லை, ஒரே உருட்டல்.

எந்தக் கடையிலும் வாங்க முடியாத பரிசோதனை அது. சிஸ்டத்தை நடுவில் பிளந்து மேல் பாதி, கீழ்ப் பாதி என்று தனித்தனியாகக் கேட்கிறீர்கள். டாப் மட்டும் ஓடும்போது கிக் இருக்கிறதா? இல்லையென்றால் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே கிக்குக்கு உடம்பே இல்லை என்று அர்த்தம்; சப் பலவீனமான இடத்தில், கூட்டத்தின் பின்வரிசையில், அந்த டிராக் செத்துப்போகும். 1,000இலிருந்து 3,000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு சிறு ‘டக்’ சேர்க்க வேண்டும். சப் மட்டும் ஓடும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ண முடிகிறதா? முடியவில்லையென்றால் கிக்கின் வால் நீளம். 125 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 125 பீட்) ஒரு பீட்டுக்கு 480 மில்லி விநாடிதான். ஆஃப்-பீட்டில் பேஸ் வரும் டிராக்கில் கிக்குக்குக் கிடைப்பது அதில் பாதி, 240. அந்தத் தம்பியின் கிக் 400 வரை இழுத்துக்கொண்டிருந்தது. வீட்டு ஸ்பீக்கரில் அந்த வால் கேட்கவில்லை, ஹெட்போனில் “கனமா இருக்கு” என்று தோன்றியிருக்கிறது. வாலை 220க்கு வெட்டி, கிக் அடிக்கும்போது பேஸைத் தானாக இறக்கும் சைட்செயினில் பேஸை இன்னும் கொஞ்சம் இறக்கியதும், லெவலைத் தொடாமலே கிக் அடிக்க ஆரம்பித்தது.

இதே வித்தையை வீட்டிலும் ஓரளவு செய்யலாம். மாஸ்டரில் 100 ஹெர்ட்ஸில் ஒரு ஃபில்டர் வைத்து மேல் பாதியை ஐந்து இஞ்சில் கேளுங்கள், கீழ்ப் பாதியை ஹெட்போனில் கேளுங்கள். நெஞ்சில் விழாது, ஆனால் இடைவெளி தெரியும்.

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் போகும்போது உங்கள் டிராக்கோடு, அதே வகையில் நீங்கள் மெச்சும் வெளியான டிராக்குகள் இரண்டை வேவ் ஃபைலாகவே எடுத்துப் போங்கள். மூன்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேட்கவில்லையென்றால் போனது வீண். சத்தமாக ஓடுவதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். காது அடைப்பான் எடுத்துப் போங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. நாள் பார்த்துப் போங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆள் சும்மா இருப்பார் என்று கிளம்பாதீர்கள். கூழ் ஊற்றும் அம்மன் கோயில்கள் அத்தனையிலும் அவருடைய பாக்ஸ்தான் நிற்கும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு பெட்டி மிச்சமிருக்காது. டிசம்பர் கடைசி வாரம் கேட்கவே வேண்டாம், பெங்களூரும் சென்னையும் மொத்தமாக இங்கே இறங்கும் வாரம் அது. வாரநாள் மத்தியானம், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

சென்னை ஸ்டூடியோ, மாஸ்டரிங்

நல்ல அறையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் காது பழகும், அது லாபம். ஆனால் 150 கிலோமீட்டர் போய், மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, தெரியாத ஸ்பீக்கரில் உட்காரும் முதல் இரண்டு மணி நேரம் பழகுவதற்கே போய்விடும். இசை வெளியிடும் லேபிளுக்கு அனுப்பும் டிராக் இருந்தால் போங்கள். மாதா மாதம் வேண்டாம்.

முடிந்த மிக்ஸைக் கடைசி மெருகுக்காக மாஸ்டரிங்குக்கு அனுப்புவது வேறு கணக்கு. நல்ல ஆள் உங்கள் 50 ஹெர்ட்ஸ் வீக்கத்தைக் கண்டுபிடித்து இறக்குவார்தான். ஆனால் கிக்கும் பேஸும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கிடந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் இறக்க முடியும். ஒரு விஷயம் மட்டும் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்: இது டிஜே ஓட்டுவதற்கு. ஸ்பாட்டிஃபை எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (டிராக்கின் சராசரிச் சத்த அளவு) இழுத்து நிறுத்தும் என்று படித்துவிட்டு அந்த அளவிலேயே மாஸ்டர் செய்யச் சொல்கிறார்கள். கிளப்புக்குப் போகும் டிராக்குகள் மைனஸ் 8, 7 என்று அடர்த்தியாக வருபவை. மைனஸ் 14இல் உங்களுடையது அவற்றின் பக்கத்தில் நின்றால் டிஜே கெயின் குமிழைத் திருப்புவதற்குள் கூட்டம் தளர்ந்துவிடும். அதற்காக மைனஸ் 4க்கு நசுக்கினால் கிக்கின் முனை மழுங்கும். இரண்டுக்கும் நடுவே நிற்கட்டும்.

ஆகக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஹெட்போனுக்கு பதினைந்திலிருந்து இருபதாயிரம். அளக்கும் மைக், ராக்வூல், துணி, ஆசாரி கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள். சவுண்ட் சர்வீஸுக்கு என்று ஐந்தாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது பிரியாணிக்குப் போய்விடும். மிச்சத்தில் ஐந்து இஞ்ச் ஜோடி; புதிதாக முடியவில்லையென்றால் பழையது. பழையது வாங்கும்போது ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து நாலு தெருவுக்குள் இருந்த பெட்டி என்றால் கனெக்டரில் பச்சை பூத்திருக்கும், குமிழைத் திருப்பினால் கரகரக்கும். விலையைக் குறைக்க நல்ல காரணம் அது. வாங்கும் வரிசையும் இதுவே: ஹெட்போன் முதலில், மைக் அடுத்து, அறையை அளந்த பிறகுதான் ஸ்பீக்கர்.

இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தாது? அறை பெரிதாக இருப்பவர்களுக்கு. பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் பதினாலு பதினைந்தடி உயரக் கூடத்தில் உட்காருபவருக்கு உயரத்தால் வரும் கிராதகன் 40 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடுகிறான்; இருபதடிக்கு மேல் நீளமான அறை கிடைத்தவருக்கு முதல் கிராதகன் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடுகிறான். எட்டு இஞ்ச் அங்கே தன் வேலையைச் செய்யும். அப்படி ஓர் இடம் பிறகு வாடகைக்குக் கிடைத்தால் அளக்கும் மைக்கைக் கொண்டுபோய் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எட்டு இஞ்சை அப்போது வாங்கிக்கொள்ளலாம். ஐந்து இஞ்சை விற்க ஆள் தேட வேண்டியதில்லை, அதே கேள்வியோடு இன்னொரு தம்பி வரிசையில் நிற்பான்.